உலர் எடை

மூன்றாம் நாற்காலி காஜா மைதீன் பாய்
எடைக்கருவியில் ஏறுமுன் செருப்பைக் கழற்றுகிறார்,
கைக்கடிகாரத்தைக் கழற்றுகிறார்,
சட்டைப்பைச் சில்லறையை அள்ளி என்னிடம் தருகிறார்.
"ஊறுகாய் தொடலைம்மா. தண்ணி, நாக்கு நனைக்கத்தான்."
மூன்று கிலோ எழுநூறு கூடியிருக்கிறது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
போன சனிக்கிழமை பாண்டிச்சேரி மிஷன் வீதி ஏஜென்ட்
இதே முகத்தோடுதான் சொன்னார்:
"தாராளமா போதும் மேடம்."

ஆண்டுக்கு முப்பத்தெட்டாயிரம் யூரோ.
நூறால் பெருக்கிப் பார்த்த அருள்மணி
நைட் ஷிப்ட் முடிந்தும் தூங்கவில்லை.
அவன் பெருக்குகிறவன்.
நான் கழிக்கிறவள்.
பதினோரு வருஷமாய் என் பிழைப்பு அது:
உடம்பிலிருந்து மிகையை எடுப்பது,
எது மிகை என்று எழுதித் தராத உடம்பிலிருந்து.

உலர் எடை என்று ஒன்று உண்டு.
ஆளுக்கு ஆள் வேறு.
கொஞ்சம் கொஞ்சமாய் இறக்கித்தான் பார்க்கவேண்டும்.
வீக்கம் வடிந்து, மூச்சு இலேசாகி,
கெண்டைக்கால் இழுக்கத் தொடங்குமே,
அதற்கு ஒரு விரற்கடை முன்னால் இருக்கிறது.

இயந்திரம் நாலு மணி நேரம் ஓடும்.
பழைய சீட்டின் பின்புறம் நான் இறக்குகிறேன்.

வரி போக மாதம் இரண்டாயிரத்து அறுநூற்றைம்பது.
கார்க் நகரில் ஒற்றைப் படுக்கையறை, ஆயிரத்து ஐந்நூறு.
பதினேழு பேருக்கு எழுதினேன், பதில் போட்டவர் ஒருவர்.
மகிழினியைப் பகலில் பார்த்துக்கொள்ள எழுநூறு.
இங்கே அதைக் கீழ்வீட்டு ஸ்டெல்லா
ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கும்
எங்கள் வைஃபை கடவுச்சொல்லுக்கும் செய்கிறாள்.
அரிசி பருப்பு முந்நூறு. மீனைச் சேர்க்கவில்லை.
பஸ் தொண்ணூறு.
குளிருக்கு வீட்டைச் சூடாக்க எவ்வளவு ஆகும்?
கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

மிச்சம் அறுபது.

புதுப்பாளையம் வீட்டுக்கடன்
மாதம் பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய்.
இங்கே இழுக்கிறது கால்.

"அருள்மணிக்கும் அங்கே வேலை கிடைத்தால்"
என்று ஒரு வரி எழுதி அடித்தேன்.
வரவுப் பக்கத்தில் 'ஆல்' விகுதி ஆகாது.

சீட்டைத் திருப்பி இன்னொன்று போட்டேன்.
நான் மட்டும். பகிர்ந்த வீட்டில் ஓர் அறை, அறுநூற்றைம்பது.
காப்பகம் இல்லை. ஒரு வயிறு.
கடனும் கட்டி ஆயிரத்து ஐந்நூறு நிற்கிறது.
எவ்வளவு சுத்தமான கணக்கு.
இரண்டாம் முறை பார்த்தேன். மூன்றாம் முறையும்.
அருள்மணியிடம் சொல்லவில்லை.

இந்தப் பக்கத்துக் கணக்கும் நேரானதில்லை.
இருபத்தாறாயிரம் சம்பளம். அது எழுதலாம்.
தெற்குக் காற்று திரும்பும் ராத்திரிகளில்
ஜன்னல் சாத்தினாலும் சிப்காட் நாற்றம் உள்ளே வரும்.
மகிழினி முகத்தில் நெபுலைசரை வைத்துக்கொண்டு
நானும் அவனும் பேசாமல் உட்கார்ந்திருப்போம்.
அதை எந்த நாணயத்தில் எழுதுவது?

"அம்மா, காலு, காலு..."

மூன்றாம் மணி. பாய் பல்லைக் கடிக்கிறார்.
வேகத்தைக் குறைத்து நூறு மில்லி சலைன் திறந்துவிட்டு
அவர் பாதத்தை என் வயிற்றோடு சேர்த்து மடக்கிப் பிடிக்கிறேன்.
"போதும்மா. இன்னைக்கு இது போதும்."
நோட்டில் அவர் உலர் எடையை
முந்நூறு கிராம் உயர்த்தி எழுதுகிறேன்.

கையுறையை மாற்றும் இடைவெளியில்
ஆஃபர் கடிதத்தை மறுபடி திறந்தேன்.
'அனுபவம்' என்ற கட்டத்துக்கு எதிரே: முதல் படி.
என் பதினோரு வருஷம் அவர்கள் தராசில் ஏறவே இல்லை,
செருப்போடு கழற்றி வைத்தாற்போல.

இதற்குக் கீழே போனால் கால் இழுக்கும் என்பதை
ஆங்கிலத்தில் எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.
ஐந்தாம் படி, நாற்பத்து மூவாயிரம்,
மூன்று பேருக்கும் டிக்கெட் என்று மட்டும்
மரியாதையாக எழுதி அனுப்பினேன்.
வெள்ளிக்கிழமைக்குள் சொல்வார்களாம்.

பாய் மறுபடி எடைக்கருவியில் ஏறி இறங்கி,
கடிகாரம் கட்டி, செருப்பு மாட்டி, கை நீட்டுகிறார்.
சில்லறையைத் தருகிறேன்.
நின்று எண்ணிப் பார்க்கிறார்.
ஒரு ரூபாய் குறைகிறதாம்.